வெறுப்பைக் காட்டாத வீடு: 'கெட் அவுட்' படமும் அமெரிக்க இனவெறியின் பின்னணியும்

'கெட் அவுட்' படத்தைப் பார்த்துவிட்டுப் பேச உட்காரும் நண்பர்களிடையே பெரும்பாலும் ஒரு கேள்விதான் முதலில் எழுகிறது. கறுப்பின இளைஞனான நாயகன் விருந்தாளியாகப் போகும் வெள்ளையினக் காதலியின் வீட்டில் யாரும் கறுப்பரை இழித்து ஒரு சொல் சொல்வதில்லை. மகளின் காதலனைக் கட்டித் தழுவி வரவேற்கிறார்கள், ஒபாமாவைப் புகழ்கிறார்கள், கறுப்பின விளையாட்டு வீரர்களை வியந்து பேசுகிறார்கள். பிறகு எப்படி இதை இனவெறியைப் பற்றிய படம் என்று சொல்வது? எங்கள் நண்பர் வட்டத்திலும் பேச்சு அங்கேதான் தொடங்கியது. பணக்காரக் கிழவர்கள் இளமையைத் திருடும் பழைய பைத்தியக்கார மருத்துவர் கதைக்குக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார் ஒருவர். படத்தில் இனத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, திகில் உத்திகள் எல்லாம் மேற்பூச்சு என்றார் இன்னொருவர். இருவரும் திகிலையும் இனத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். திகில் படத்தை இயக்கும் விசை எதுவோ, கண்ணியமான முகம் கொண்ட இனவெறியை இயக்கும் விசையும் அதுவே என்று கண்டுகொண்டதில்தான் இந்தப் படத்தின் வலிமை இருக்கிறது. ஆபத்தை உணர்ந்தவனுக்கு அதை நிரூபிக்கச் சான்று கிடைக்காது, சுற்றியிருப்பவர்கள் அவன் அச்சத்தை வெறும் கற்பனை என்பார்கள், நாளடைவில் அவனுக்கே தன் மீது ஐயம் வந்துவிடும் என்பதே அந்த விசை.

2017 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலில் காட்டப்பட்டு, பிப்ரவரி 24 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த இப்படம், ஏறத்தாழ 45 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'கீ அண்ட் பீல்' என்னும் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரால் பெயர் பெற்றிருந்த ஜோர்டன் பீல் இயக்கிய முதல் திரைப்படம் இது. சிறந்த படம், இயக்கம், நடிப்பு, அசல் திரைக்கதை என நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்று, 2018 மார்ச்சில் திரைக்கதைக்கான விருதை வென்றது. அந்தப் பிரிவில் விருது பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் பீல்தான். கதையின் முடிச்சை அவிழ்க்காமல் பின்னணியை விளக்க இயலாது என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

புகைப்படக் கலைஞனான கிறிஸ், தன் வெள்ளையினக் காதலி ரோஸின் பெற்றோரைச் சந்திக்க ஒரு வார இறுதியில் அவர்களுடைய பெரிய வீட்டுக்குப் போகிறான். தந்தை டீன் நரம்பியல் அறுவை மருத்துவர், தாய் மிஸ்ஸி ஹிப்னாடிச முறையில் சிகிச்சை தரும் மனநல மருத்துவர். வீட்டு வேலைக்கு இருக்கும் வால்டர், ஜார்ஜினா இருவரும் கறுப்பர்கள். அவர்களுடைய பேச்சிலும் சிரிப்பிலும் ஏதோ ஒன்று பொருந்தாமல் நிற்கிறது. வயதாகி உடல் தளர்ந்த வெள்ளையர்களின் மூளையைக் கறுப்பின இளைஞர்களின் உடலுக்குள் பொருத்தி அவர்களுக்கு இன்னொரு ஆயுளைத் தருவதுதான் அக்குடும்பம் செய்துவரும் வேலை. அதற்கு ஆள் பிடித்துத் தருபவள் ரோஸ்.

பீல் இக்கதையை மனத்தில் உருவாக்கத் தொடங்கியது, பராக் ஒபாமா அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 2008ஆம் ஆண்டையொட்டிய காலத்தில். ஒரு கறுப்பர் வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டார், ஆகவே இனப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற பேச்சு அப்போது அந்நாட்டின் தொலைக்காட்சி விவாதங்களிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் மிகுந்திருந்தது. இனத்தைப் பற்றிப் பேசுவதே இனவாதம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அந்தப் பொய்யை உடைப்பதே தன் முதல் நோக்கமாக இருந்தது என்று பீல் பிற்பாடு பல நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். முடிந்திருந்தால் ஒபாமாவுக்கு மூன்றாம் முறையும் வாக்களித்திருப்பேன் என்று டீன் சொல்லும் வசனம் அந்தக் காலத்திலிருந்து நேராக எடுத்தது. அப்பா இப்படித்தான் சொல்லப்போகிறார் என்று ரோஸ் முன்கூட்டியே கிறிஸிடம் சிரித்துக்கொண்டே எச்சரித்துவிடுகிறாள். அதனால் டீன் அதைச் சொல்லும்போது கிறிஸுக்கும் நமக்கும் அது அசட்டுத்தனமாகத் தெரிகிறதே தவிர ஆபத்தாகத் தெரிவதில்லை. கிறிஸின் ஐயங்கள் ஒவ்வொன்றையும் அவன் வாய் திறக்கும் முன்பே ரோஸ் எடுத்துப் பேசி மழுங்கடித்துவிடுவதை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கவனிக்க முடிகிறது.

கதை நடக்கும் இடமும் கவனத்துக்குரியது. அமெரிக்க இனவெறி என்றதும் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளும் வெள்ளை முக்காடு அணிந்த கூட்டமும் நினைவுக்கு வருவது இயல்பு. அமெரிக்கத் திரைப்படங்களே அப்படிப் பழக்கியிருக்கின்றன. பீல் கதையை வட மாநிலத்தின் படித்த, முற்போக்கான, வசதியுள்ள குடும்பத்தில் வைத்தார். படப்பிடிப்பு நடந்தது தெற்கே அலபாமாவில் என்றாலும் படத்தில் தெற்கின் அடையாளம் எதுவும் இல்லை. வடக்குக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827இல்தான் முடிவுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூயார்க் நகரத்தை அடுத்து ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டி விற்கப்பட்ட லெவிட்டவுன் குடியிருப்பின் ஒப்பந்தங்களில், வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையே எழுதப்பட்டிருந்தது. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் தங்கக்கூடாது என்று பலகை வைத்த ஊர்கள் வடக்கிலும் மேற்கிலும் இருந்தன. காரில் பயணம் போகும் கறுப்பர் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் 'கிரீன் புக்' என்ற கையேட்டை, நியூயார்க்கின் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற அஞ்சல் ஊழியர் 1936இலிருந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டியிருந்தது.

படத்தின் முதல் காட்சி இந்த வரலாற்றின் மீதுதான் நிற்கிறது. இரவில், வரிசையாக வேலியும் புல்வெளியும் அமைந்த ஒரு புறநகர்த் தெருவில், வழி தெரியாமல் ஒரு கறுப்பின இளைஞன் கைபேசியில் பேசியபடி நடக்கிறான். வெள்ளைக் கார் ஒன்று மெல்ல அவனைப் பின்தொடர்கிறது. வழக்கமான அமெரிக்கத் திகில் படத்தில் இந்தத் தெருதான் பாதுகாப்பான இடம், அதற்குள் நுழையும் அந்நியன்தான் ஆபத்து. இங்கே தெருவே ஆபத்து, அஞ்சுபவன் அந்த அந்நியன். 2012 பிப்ரவரி 26 அன்று ஃபுளோரிடாவின் சான்ஃபர்டில், கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த 17 வயது டிரேவான் மார்ட்டினை, குடியிருப்பின் தன்னார்வக் காவல் பொறுப்பில் இருந்த ஒருவர் பின்தொடர்ந்து சுட்டுக் கொன்றார். அவர் 2013 ஜூலையில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அமெரிக்கப் பார்வையாளர் எவருக்கும் அந்த முதல் காட்சியைப் பார்க்கும்போது இச்சம்பவம் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

இனி எங்கள் நண்பரின் கேள்விக்கு வரலாம். வெறுப்பு இல்லையே என்கிறார் அவர். வெறுப்பு இல்லாத இடத்தில் இனவெறி இருக்காது என்ற நம்பிக்கையைத்தான் படம் குறிவைக்கிறது. வீட்டைச் சுற்றிக்காட்டும் டீன், சுவரில் தொங்கும் தன் தந்தையின் படத்தைக் காட்டி, 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்றில் அவர் கறுப்பின ஓட்ட வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸிடம் தோற்றார் என்கிறான். அந்தத் தோல்வியை அவர் ஏறக்குறைய மறந்துவிட்டார் என்றும் சேர்க்கிறான். அந்த 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்குள் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது பிற்பாடு புலப்படும். நள்ளிரவில் புல்வெளியில் வெறிகொண்டவனைப் போலக் கிறிஸை நோக்கி ஓடிவந்து, கடைசி நொடியில் திரும்பி ஓடும் வால்டரின் உடலுக்குள் இருப்பது அதே தாத்தாதான். தன்னை வென்றவனின் கால்கள் அவருக்குக் கிடைத்துவிட்டன.

ஓவன்ஸின் வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு இக்குறிப்பு இன்னும் ஆழமாகத் தைக்கும். ஹிட்லரின் ஆட்சியில் நடந்த அந்த ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கம் வென்று அமெரிக்கா திரும்பியவர் அவர். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் அவரைப் பாராட்டி நடந்த விருந்துக்கு, சரக்கு ஏற்றும் மின்தூக்கியில்தான் அவர் போக வேண்டியிருந்தது. பிழைப்புக்காகக் குதிரைகளோடு பந்தயம் ஓடினார். அவருடைய ஓட்டத்தைப் போற்றிய நாடு அவரை மனிதனாக முன்வாசல் வழியே விடவில்லை. உடலின் மீது வியப்பும் அந்த உடலுக்குரியவன் மீது அலட்சியமும் ஒரே மனத்தில் எந்த உறுத்தலும் இல்லாமல் சேர்ந்து வாழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுநாள் விருந்தில் வரும் முதியவர்கள் கிறிஸிடம் நடந்துகொள்ளும் விதம் இதைக் காட்சிக்குக் காட்சி விரிக்கிறது. ஒருவர் தான் டைகர் உட்ஸை அறிந்தவர் என்று சொல்லி, கோல்ஃப் மட்டையை வீசுவதுபோல் நின்று காட்டச் சொல்கிறார். ஒரு பெண் அவன் கைத்தசையைத் தொட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, படுக்கையறை பற்றி ரோஸிடம் கேட்கிறாள். கறுப்புதான் இப்போது நாகரிகம் என்கிறார் வேறொருவர். எல்லாமே பாராட்டுகள்தான். ஆனால் தசையையும் பல்லையும் அழுத்திப் பார்ப்பது நூற்றாண்டுகளாக அந்நாட்டின் அடிமைச் சந்தைகளில் வாங்குபவர் செய்த வேலை. சற்று நேரத்தில் அது வெறும் குறிப்பாக நிற்காமல் அப்படியே நடந்தேறுகிறது. தோட்டத்தில் அமர்ந்து, பிங்கோ என்ற எண் விளையாட்டின் அட்டைகளை உயர்த்தி, ஒரு சொல்கூடப் பேசாமல் ஏலம் கேட்கிறார்கள். டீன் அருகே கிறிஸின் பெரிய புகைப்படம் நிற்கிறது. அடிமை ஏலத்தில் ஏலக்காரரின் கூவல் ஓயாமல் கேட்கும். இங்கே அந்த ஓசையை மட்டும் நீக்கி, ஏலத்தின் மற்ற அங்கங்கள் அனைத்தையும் பீல் அப்படியே வைத்திருக்கிறார்.

ஏலத்தில் வென்றவர் ஜிம் ஹட்சன் என்ற பார்வையற்ற ஓவிய வணிகர். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் அச்சம் தருபவர் இவர்தான். ஏன் கறுப்பர்களை மட்டும் பிடிக்கிறீர்கள் என்று நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும் கிறிஸ் கேட்கும்போது, சிலர் வலுவாக, வேகமாக, நாகரிகமாக இருக்க விரும்புகிறார்கள், தயவுசெய்து என்னை அவர்களோடு சேர்க்காதே, உன் நிறம் என்னவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, எனக்கு வேண்டியது உன் கண்கள் என்று அவர் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்கு உள்ளத்தில் நிறபேதம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கறுப்பர்களின் உடலை விலைக்குத் தரும் ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இயங்குகிறது. அதில் அவர் பணம் கட்டிப் பயன்பெறுகிறார். தனி மனிதரின் மனத்தில் வெறுப்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி கொடுக்கும் பதில் இது. எங்கள் விவாதத்தில் இந்த இடத்துக்கு வந்தபோதுதான், சாயம் பூசிய பழைய கதை என்று சொன்ன நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

மருத்துவம் ஏன் இக்கதையின் கருவியாக வருகிறது என்பதற்கும் பின்னணி உண்டு. பெண்நோய் மருத்துவத்தின் முன்னோடி என்று போற்றப்பட்ட ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ், 1840களில் அலபாமாவின் மான்ட்கோமரியில் அடிமைப் பெண்களின் மீது மயக்க மருந்து தராமல் திரும்பத் திரும்ப அறுவைச் சோதனை செய்தார். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் இருந்த அவருடைய சிலை, இந்தப் படம் வந்த மறு ஆண்டான 2018இல்தான் அகற்றப்பட்டது. அதே அலபாமாவில் டஸ்கிகீ நகரை மையமாகக் கொண்டு, அரசின் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை ஆய்வுக்கு உட்படுத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. பெனிசிலின் அந்நோய்க்கு மருந்தாக நிலைபெற்ற பிறகும், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே அவர்களுக்குச் சிகிச்சை தரப்படவில்லை. கருணையோடு பேசும் மருத்துவர் ஒருவர் கறுப்பரின் உடலைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்வார் என்ற அச்சம் பீலின் கற்பனையில் பிறந்ததன்று. அரசாங்கப் பதிவேடுகளில் இருக்கும் செய்தி அது.

மிஸ்ஸி தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் மெல்லச் சுரண்டியபடி கிறிஸை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தும் காட்சியைத் தனியாகப் பேச வேண்டும். சிறுவயதில் தாய் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது எதுவும் செய்யாமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த குற்ற உணர்வை அவள் தோண்டி எடுக்கிறாள். அவன் நாற்காலியோடு உறைந்துபோக, கன்னத்தில் கண்ணீர் வழிய, தரை திறந்து இருண்ட வெளிக்குள் விழுகிறான். மேலே வெகு தொலைவில் ஒரு தொலைக்காட்சித் திரை அளவுக்கு உலகம் தெரிகிறது. பார்க்கலாம், கேட்கலாம், கையை அசைக்க முடியாது, கத்தினால் ஓசை வெளியே போகாது. மூளை மாற்றத்துக்குப் பின் அந்த உடலின் உண்மையான உரிமையாளர் எஞ்சிய காலம் முழுவதும் இருக்கப்போவது இங்கேதான்.

இதை உளவியல் உருவகமாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. சமூகவியல் அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1903இல் எழுதிய ஒரு கருத்தை இதோடு சேர்த்துப் பேசுபவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பர் தன்னைத் தன் கண்ணால் பார்க்க முடியாமல், எப்போதும் மற்றவரின் கண் வழியாகவே தன்னை அளந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்து. இரண்டும் பொருத்தமானவைதான். எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது ஹைட்டியின் ஸோம்பிக் கதை. ஹாலிவுட் பிற்காலத்தில் பிடித்துக்கொண்ட, மனித மாமிசம் தின்னும் பிணத்தை இங்கே சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் உழைத்து மாண்ட அடிமைகளின் நாட்டில் வளர்ந்த அந்த மூலக் கதையில், ஸோம்பி யாரையும் தின்பதில்லை. இறந்த பின்னும் விடுதலை இல்லாமல், தன் விருப்பம் பறிக்கப்பட்டு, இன்னொருவன் ஏவலில் உழைத்துக்கொண்டே இருக்கும் உடல் அது. சாவாவது தன்னை விடுவிக்கும் என்ற அடிமையின் கடைசி நம்பிக்கையும் பொய்யாகிவிடுவதே அக்கதையின் கொடுமை. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் ஹைட்டியை ஆண்ட காலத்தில் அந்தக் கதை அமெரிக்காவுக்கு வந்து, அடிமைமுறையின் நினைவை வழியில் உதிர்த்துவிட்டு வெறும் பிசாசுக் கதையாக மாறியது. வால்டரிலும் ஜார்ஜினாவிலும் பீல் அதன் பழைய பொருளை மீட்டுத் தந்திருக்கிறார்.

ஜார்ஜினாவாக நடித்த பெட்டி கேப்ரியல், அந்தப் பொருள் முழுவதையும் ஒரே நெருக்கக் காட்சியில் தன் முகத்தில் காட்டிவிடுகிறார். வெள்ளையர்கள் நிறையப் பேர் சூழ்ந்திருந்தால் சில நேரம் எனக்குப் பதற்றமாக இருக்கும் என்று கிறிஸ் தயக்கத்தோடு சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். சிரித்தபடியே 'இல்லை, இல்லை' என்று பலமுறை சொல்கிறாள். உதடுகள் விரிந்திருக்க, கண்கள் நிறைந்து கண்ணீர் கன்னத்தில் இறங்குகிறது. பிறகு, இவர்கள் எங்களைக் குடும்பமாகவே நடத்துகிறார்கள் என்கிறாள். சிரிப்பவள் டீனின் தாய், அழுபவள் பெயர் தெரியாத ஒரு கறுப்பினப் பெண். அந்தப் பெண்ணின் கதையைப் படம் கடைசி வரை சொல்லவில்லை என்பது என் வருத்தம். கறுப்பினப் பெண்களுக்கு இக்கதையில் இடம் குறைவு என்று விமர்சகர்கள் சிலர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

நம்பப்படாத அச்சம் என்று தொடக்கத்தில் சொன்னது படத்தில் மிகத் துலக்கமாக வெளிப்படுவது காவல் நிலையக் காட்சியில். கிறிஸின் நண்பன் ராட், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைத் துறையில் வேலை செய்பவன். தொலைபேசியில் கிறிஸ் சொன்னதை வைத்தும், விருந்தில் எடுத்த படத்தில் காணாமல்போன தங்கள் பழைய நண்பன் ஆண்ட்ரே இருப்பதைப் பார்த்தும் சிக்கலை ஊகித்து அவன் காவல் நிலையத்துக்குப் போகிறான். அங்கே அவன் பேச்சைக் கேட்கும் கறுப்பினப் பெண் துப்பறிவாளர் தன் சகாக்கள் இருவரை அழைத்து மீண்டும் சொல்லச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்களும் வெள்ளையர் அல்லர் என்பதை பீல் எண்ணித்தான் செய்திருக்கிறார். காவல்துறை என்ற அமைப்புக்குள் போய்விட்டால், எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்பதை அமைப்புதான் முடிவு செய்கிறது. எங்களில் பலரும் அந்த இடத்தில் சிரித்தோம். ராட் சொன்னதில் ஏறத்தாழ எல்லாமே உண்மை என்பது பிறகுதான் உறைத்தது. கோல்டன் குளோப் விருதுக்குழு இப்படத்தை இசை, நகைச்சுவைப் பிரிவில் சேர்த்தபோது பீல், 'கெட் அவுட்' ஓர் ஆவணப்படம் என்று ஒரே வரியில் ட்விட்டரில் எழுதினார்.

இப்படம் வந்தபோது பலரும் நினைவுகூர்ந்த முன்னோடி 1968இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. பென்சில்வேனியாவில் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சேர்ந்து 1,14,000 டாலர் அளவிலான செலவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. நாயகன் பென் கறுப்பராக இருக்க வேண்டும் என்று திரைக்கதையில் எழுதப்படவில்லை. நடிக்க வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் சிறப்பாக நடித்ததால் அவரைத் தேர்ந்ததாகவே ரொமேரோ சொல்லிவந்தார். முரட்டு லாரி ஓட்டுநராக எழுதப்பட்டிருந்த பென்னை, படித்தவரான ஜோன்ஸ் தன் வசனங்களைத் தானே திருத்தி, நிதானமும் அறிவும் உள்ளவனாக மாற்றினார். பிணங்கள் சூழ்ந்த பண்ணை வீட்டில் இரவு முழுவதும் போராடித் தப்பிக்கும் ஒரே மனிதன் அவன்தான். விடிந்ததும் மீட்க வந்த வெள்ளையர் கூட்டம் அவனையும் நடைப்பிணம் என்று கருதி நெற்றியில் சுட்டுவிடுகிறது. இறுதியில் வரும் நிழற்படங்களில், கொக்கிகளால் அவன் உடலை இழுத்துப்போய் நெருப்பில் போடுகிறார்கள். தென் மாநிலங்களில் கறுப்பர்களைக் கும்பலாகக் கொன்று, பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்களை அறிந்தவர்களுக்கு அந்த நிழற்படங்களை வேறு விதமாகப் பார்க்க முடியாது. முடித்த படத்தை எடுத்துக்கொண்டு காரில் நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். படைப்பாளி எண்ணாத பொருளை ஒரு படம் ஏற்றுக்கொள்ளுமா என்று விவாதிப்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

'கெட் அவுட்' படத்தின் முடிவும் இந்தப் பின்னணியில்தான் பொருள் பெறுகிறது. குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் எதிர்த்துக் கிறிஸ் தப்பிக்கும் பகுதியில் பீல் சிறு சிறு பழிதீர்ப்புகளை அடுக்குகிறார். மிஸ்ஸியின் தேநீர்க் கோப்பை ஓசை மீண்டும் ஒலிக்கும்போது, கட்டப்பட்டிருந்த நாற்காலிக் கையின் தோலைக் கீறி எடுத்த பஞ்சை அவன் காதுக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறான். முன்னோரை அடிமைகளாக்கிய அதே பருத்தி அவனைக் காப்பாற்றுகிறது. இறுதியில், சாலையில் குண்டடிபட்டுக் கிடக்கும் ரோஸின் மேல் அவன் குனிந்திருக்கும்போது, சிவப்பும் நீலமுமாகச் சுழலும் விளக்குகளோடு ஒரு வண்டி வந்து நிற்கிறது. கிறிஸ் கைகளை உயர்த்துகிறான். ரோஸ் உதவி கேட்டு முனகுகிறாள்.

பீல் முதலில் எழுதிப் படமாக்கிய முடிவில் வண்டியிலிருந்து இறங்குவது காவலர்கள்தான். கிறிஸ் கைதாகிச் சிறையில் இருக்கிறான். பார்க்க வரும் ராட் வழக்குக்கு உதவும்படியான விவரங்களைக் கேட்க, தான் அதை நிறுத்திவிட்டதாக மட்டும் சொல்லிவிட்டு அவன் உள்ளே திரும்பிப் போகிறான். இனப் பிரச்சினையே இல்லை என்ற மயக்கத்தில் நாடு இருந்தபோது அந்தக் கடுமை தேவைப்பட்டது, ஆனால் காவல்துறையினர் கறுப்பர்களைக் கொன்றதற்கு எதிரான போராட்டங்களால் மக்கள் விழித்துக்கொண்ட பிறகு, அவர்களுக்கு ஒரு விடுதலை உணர்வைத் தர வேண்டும் என்று தோன்றியது என்று மாற்றத்துக்கான காரணத்தை பீல் விளக்கினார். வெளியான படத்தில் வண்டிக் கதவு திறக்க, இறங்குவது ராட்.

எங்கள் நண்பர்களில் பாதிப்பேர் சிறை முடிவே உண்மைக்கு நெருக்கமானது என்றார்கள். நான் திரையில் வந்த முடிவின் பக்கம். கதவு திறப்பதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில், இதுவரை எந்தக் காவலரையும் கண்டு நடுங்கியிராத பார்வையாளரும் அந்த விளக்கொளியைக் கண்டு, ஐயோ முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். திகில் படங்களில் காலங்காலமாக மீட்புக்கு அடையாளமாக வந்த விளக்கு அது. அதை ஒரு கறுப்பரின் கண்ணால் பார்க்க எல்லோரையும் பழக்கிவிட்ட பிறகு, சிறையைக் காட்டுவதற்கான தேவை குறைந்துவிடுகிறது. தப்பித்தலும் முழுமையானதாக இல்லை. அறுவைச் சிகிச்சை நடந்த நிலவறை தீப்பற்றிவிட்டது, அங்கிருந்த சான்றுகளும் அதோடு எரிகின்றன, மிச்சமிருப்பவை ஒரு வெள்ளையினக் குடும்பத்தின் பிணங்கள்தான். அடுத்த நாள் விசாரணைக்கு வரும் அதிகாரிகளிடம் ஹிப்னாடிசம், மூளை மாற்று, பிங்கோ ஏலம் என்று கிறிஸும் ராட்டும் சொல்லத் தொடங்கினால், அதே காவல் நிலையத்தில் ஏற்கெனவே ஒருமுறை எழுந்த சிரிப்பைத் தவிர வேறென்ன பதில் கிடைக்கும் என்பதைப் படம் சொல்லவில்லை.